எட்டாத குழாய்

ஊத்துமலைத் தோட்டம், மேல் டிவிஷன்,
நமுனுகுல.
2024 செப்டெம்பர் 8

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நான், அவர், மதுஷா மூன்று பேரும் சுகம். மதுஷாவுக்கு மட்டும் வழக்கமான சளி. உங்கள் முழங்கால் எப்படி? அண்ணிக்குப் பிரஷர் மாத்திரை முடியுமுன்னே வாங்கி வையுங்கள்.

போனில் பேசினால் பாதியில் அறுந்து போகிறது. சிக்னலுக்காக ரோட்டு முடக்கில் ஏறி நின்று கத்தினால் தோட்டம் முழுக்க என் வியாபாரம் தெரிந்துவிடும். அதனால்தான் பஸ் கண்டக்டர் றிகாஸ் தம்பி கையில் இந்தக் கடுதாசி.

இஞ்சி பியர் செய்து விற்க இறங்கிவிட்டேன். சிரிக்காதீர்கள். போன மாதம் வாளியில் ஊறவைத்து, குவளையால் மொண்டு மொண்டு போத்தலில் ஊற்றினேன். கை பட்டுப் பாதி புளித்துவிட்டது. மிச்சத்தைக் குடித்தவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தீபாவளி, டிசெம்பர் நத்தார், பொங்கல் என்று வரிசையாக ஓடர் வரும். அவர் வெலிமடை மரக்கறிக் கடையிலிருந்து மூடி போட்ட நீலப் பீப்பாய் ஒன்று கொண்டு வந்திருக்கிறார், பெரிதில்லை, அரைப் பீப்பாய். அதற்கு அடியில் திறந்து மூடுகிற டெப் ஒன்று வேண்டும். மேலே ஊற்றுத் தண்ணீர் விழுகிற பீலியிலிருந்து எங்கள் பின்கதவு வரைக்கும் ஹோஸ் பைப் வேண்டும். குடம் தூக்கி என் இடுப்பு போய்விட்டது.

பீலி எங்கே என்று உங்களுக்குத் தெரியும், எங்கள் லயத்து வீடுகளுக்கு மேலே, ரோதமுனி கல்லுக்குப் பக்கத்தில். பெக்டரியை மூடினபோது, அங்கே மெசின் சக்கரமான ரோதையைக் காத்துக்கொண்டிருந்த முனியை எல்லோருமாகத் தூக்கி அந்தத் தண்ணீரடியில் வைத்தோமே, அதே இடம். தூரத்தை எழுதினால் நான் பிழை விடுவேன். அதனால் முனி கல்லில் நுனியைக் கட்டி, பின்கதவு நிலை வரைக்கும் இழுத்து, அந்த நூல்கயிற்றையே சுருட்டி அனுப்புகிறேன். கல்லும் ஓடாது, கதவும் ஓடாது. அதைப் பார்த்து வெட்டுங்கள். சாமான் மலிவாக இருக்கட்டும்.

உங்கள் தங்கச்சி
பாக்கியலெட்சுமி


ஸலீம் நானா கடை, பதுளை.
செப்டெம்பர் 14

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடுதாசியைப் பார்த்து உன் அண்ணி நிரஞ்சலாவும் நானும் சந்தோஷப்பட்டோம். மாத்திரை வாங்கியாயிற்று. என் முழங்கால் படியேறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறது. மதுஷாவுக்கு நீ செய்கிற இஞ்சியிலேயே கொஞ்சம் கொடு, சளி ஓடும்.

ஹோஸ் பைப் இரண்டு வகை இருக்கிறது. பச்சைக் குழாய் மலிவு. ஆனால் வெயிலில் கிடந்தால் தண்ணீரில் ரப்பர் வாடை ஏறும், பியர் கெட்டுவிடும். உள்ளே நூல் பின்னிய வெள்ளைக் குழாய் கொஞ்சம் விலை கூட. அதைத்தான் வெட்டியிருக்கிறேன். வாயில் போவதற்குச் செலவு செய்ய வேண்டும், மாட்டுகிற சாமானில் மிச்சம் பிடிக்க வேண்டும், அது என் கட்சி. பித்தளை நிப்பிள் யானை விலை. பீப்பாய்க்கு டெப்பும், தண்ணீரை மூட வால்வும், பிளாஸ்டிக் நிப்பிள் இரண்டும் கிளிப் இரண்டும் வைத்திருக்கிறேன். குழாய் நுனியைச் சுடுதண்ணீரில் முக்கி எடுத்தால் இளகும், அப்படியே நிப்பிளில் ஏற்றிவிடு. எண்ணெய் பூசாதே, பிறகு வழுக்கும்.

பீப்பாயின் மேல்பக்கம் ஒரு துளை போட்டுத் தண்ணீர்க் குழாயை மாட்டு. நிரம்பியதும் வால்வை மூடு. மூடியிலிருந்து ஒரு மெல்லிய குழாயை எடுத்து, தண்ணீர்ப் போத்தலுக்குள் விட்டு வை. காற்று வெளியே போகும், பூச்சி உள்ளே வராது.

உன் கயிற்றைக் கடைக்கு முன்னால் ரோட்டில் விரித்து அளந்தேன். "என்ன புவனேந்திரன், பட்டம் விடப் போறீங்களா?" என்றார் முதலாளி ஸலீம் நானா. கயிற்றுக்கு மேலே ஒரு முழம் கூடவே விட்டிருக்கிறேன். கயிறு இங்கே ஆணியில் தொங்குகிறது. மச்சானைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்
புவனேந்திரன்


ஊத்துமலைத் தோட்டம்.
ஒக்டோபர் 6

அன்புள்ள அண்ணனுக்கு,

சளி ஓடிவிட்டது, இப்போது மதுஷா இஞ்சியைக் கண்டாலே ஓடுகிறாள். மற்றபடி சுகம். அண்ணியின் சுகத்துக்கு எழுதுங்கள்.

முதல் பீப்பாய் பிரமாதம். போத்தலைத் திறந்தால் மூடி கூரையில் அடிக்கிறது. தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் வைத்தே எல்லாம் விற்றுப்போனது.

ஆனால் அண்ணா, உங்கள் முழம் எங்கே? மாட்டின அன்றைக்குக் குழாய் பீப்பாயைத் தாண்டிக் கொஞ்சம் தொங்கியது உண்மைதான், நானே பார்த்தேன். போன செவ்வாய்க்கிழமை காலையில் நிப்பிளிலிருந்து கழன்று வாசலில் கிடந்தது. திரும்ப மாட்டப் போனால் எட்டவில்லை. பீப்பாயைக் கதவோரம் நகர்த்தி மாட்டினேன். நேற்று அங்கேயும் எட்டவில்லை. மலிவு கேட்டது நான்தான், அதற்காகச் சுருங்குகிற குழாயா கொடுப்பீர்கள்? இரண்டு குழாயை இணைக்கிற ஜொயின்ட் ஒன்றும் இன்னும் கொஞ்சம் குழாயும் அனுப்புங்கள்.

மழை தொடங்கிவிட்டது. பின்கதவு நிலையில் இறுகிக்கொண்டு மூட மாட்டேன் என்கிறது. பழைய லயம்தானே. போன மாதக் கடைசியில் ஜீப்பில் ஆபீஸ்காரர்கள் வந்து மலையில் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, எங்கள் காம்பரா வீடுகளின் சுவர்களில் சிவப்புப் பெயின்டில் ஏதோ கீறிவிட்டுப் போனார்கள். தீபாவளிக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது அழித்துவிடலாம்.

தங்கச்சி
பாக்கியம்


பதுளை.
ஒக்டோபர் 13

அன்புத் தங்கச்சிக்கு,

நிரஞ்சலா சுகம். எனக்குத்தான் உன் கடுதாசியைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. அந்தக் குழாயை வெட்டியது கடைப் பையன் இல்லை, நானே. முழம் விட்டதும் நானே. அளவில் என்னைக் குறை சொன்ன முதல் ஆள் நீதான், அதுவும் கூடப்பிறந்தவள்.

குளிரில் பிளாஸ்டிக் கொஞ்சம் இறுகும், அதுவும் உங்கள் பக்கத்துப் பனிக்கு. ஆனால் ஒரு முழம் சுருங்கும் என்று நான் கேள்விப்பட்டதில்லை. ஜொயின்ட் ஒன்று, கிளிப் இரண்டு, ஒரு பாகம், அதாவது நாலு முழம், குழாய் அனுப்பியிருக்கிறேன். பீலிப் பக்கம் நுனி அசையாமல் இருக்க, கம்பியால் முனி கல்லோடு சேர்த்துக் கட்டச் சொல் மச்சானை.

சுவரில் கீறிய ஆபீஸ்காரர்கள் என்ன சொன்னார்கள்? அதை நீ எழுதவில்லையே.

அண்ணன்
புவனேந்திரன்


ஊத்துமலைத் தோட்டம்.
நவம்பர் 10

அன்புள்ள அண்ணனுக்கு,

தீபாவளிக்கு நீங்கள் அனுப்பிய சட்டை மதுஷாவுக்கு அளவாக இருந்தது. குழாய் போலச் சுருங்கவில்லை. எல்லோரும் சுகம். உங்கள் வீட்டில் பலகாரம் சாப்பிட்டு அண்ணிக்குப் பிரஷர் ஏறாமல் இருந்தால் சரி. சுண்ணாம்பு அடித்து வீடு வெளிச்சமாக இருக்கிறது.

ஓடர் குவிந்தது. ஆனால் நீங்கள் அனுப்பிய பாகக் குழாயும் முடிந்துவிட்டது. தீபாவளிக்கு மறுநாள் ஜொயின்ட் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. கிளிப்பில் கீறல்கூட இல்லை. யாரோ இரண்டு கையாலும் பிடித்து உருவின மாதிரி இருந்தது.

இவர் பூசாரியைக் கூட்டிவந்து காட்டினார். பூசாரி குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். "முனி இழுக்கிறாருப்பா. அவரு காலடித் தண்ணிய எடுத்து யாவாரம் பண்றீங்க, ஒரு வாய் குடுத்தீங்களா?" என்று கேட்டார். அது நியாயம்தானே அண்ணா? பெக்டரி ஓடினபோது புது மெசின் பூட்டினால் முதலில் முனிக்குச் சுருட்டும் சாராயமும் வைக்காமல் யாராவது ரோதையைச் சுற்றினார்களா? நான் மறந்தே போனேன். இப்போது பீப்பாய் திறந்தால் முதல் செம்பு அவருக்குத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இழுத்துப் பிடித்துத் திரும்ப மாட்டின குழாய் இப்போது தரையில் படுவதே இல்லை. பீலியிலிருந்து வீடு வரைக்கும் விறைப்பாக நிற்கிறது. காற்றில்லாத நேரத்திலும் உம்மென்று சத்தம் வருகிறது. மதுஷா காதை வைத்துக் கேட்டுவிட்டு, "அம்மா, உள்ளுக்கு யாரோ மூச்சுப் புடிச்சிக்கிட்டு இருக்காங்க" என்றாள். நான் அவளை இழுத்து உள்ளே விட்டேன். கழலாத ஜொயின்டாக அனுப்புங்கள், விலை எதுவானாலும் சரி.

தங்கச்சி
பாக்கியம்


பதுளை.
நவம்பர் 17

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். பலகாரம் சாப்பிட்டது நான்தான், பிரஷர் ஏறியதும் எனக்குத்தான்.

இந்தத் தடவை பித்தளை. யானை விலைதான், என் கணக்கில் இருக்கட்டும். பீப்பாய்க்கு உள்ளே ஒரு நட்டும் வெளியே ஒரு நட்டும் வைத்து இறுக்கு. குழாய் நுனிகள் ஒவ்வொன்றிலும் இரண்டு கிளிப், திருகாணி எதிர் எதிர்ப் பக்கம் வருகிற மாதிரி. பீலிப் பக்கமும் அதே. இரண்டு பாகம் குழாய் வைத்திருக்கிறேன். இதற்குப் பிறகு பீப்பாய் வந்தால் வருமே ஒழிய குழாய் கழலாது.

முனிக்குக் கொடு, வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஆனாலும் எனக்காக ஒன்று செய். முதலில் அளந்த மாதிரியே, முனி கல்லிலிருந்து பின்கதவு வரைக்கும் ஒரு புதுக் கயிறு பிடித்து அனுப்பு. உங்கள் லயத்தில் இரண்டு குடும்பம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டதாக றிகாஸ் சொன்னான். ஏன்? சுவரில் கீறின சிவப்பு அடையாளத்தைப் பற்றி நீ இன்னும் பதில் எழுதவில்லை.

அண்ணன்
புவனேந்திரன்


ஊத்துமலைத் தோட்டம்.
டிசெம்பர் 8

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் பிரஷருக்கு முருங்கை இலை ஒரு கட்டு அனுப்பியிருக்கிறேன். நாங்கள் சுகம்.

முனி மனம் இறங்கிவிட்டார். முதல் செம்பை அவர் கல்லில் ஊற்றின நாளிலிருந்து குழாய் ஒரு விரல்கூட இழுக்கவில்லை. வானமும் வெளுத்து, கொழுந்து காய்கிற அளவுக்கு வெயில். பித்தளை மின்னுகிறது. நத்தார் ஓடருக்கு அடுத்தடுத்து இரண்டு பீப்பாய் போட்டிருக்கிறேன். இவர் சாயங்காலத்தில் வெளியே போவதையே விட்டுவிட்டு, போத்தல் கழுவித் தருகிறார். கலியாணம் கட்டி இத்தனை வருஷத்தில் இந்த மாதம்தான் நான் பயமில்லாமல் சிரித்தேன் அண்ணா.

கயிறு பிடிக்க நேரம் வரவில்லை. போனவர்கள் பயந்தவர்கள். காம்பராவை விட்டுப் போனால் புது வீட்டுக்கு எழுதியிருக்கிற பேர் வெட்டுப்படும் என்று பேசிக்கொள்கிறார்கள். மாமனார் காலத்திலிருந்து காத்துக்கொண்டிருக்கிற வீடு அது. எங்கள் பேர் மேலேதான் இருக்கிறது.

தங்கச்சி
பாக்கியம்


பதுளை.
டிசெம்பர் 14

தங்கச்சிக்கு,

சுகம். கீரை கிடைத்தது. கயிறு வரவில்லை. மழை திரும்பும் என்று ரேடியோவில் சொல்கிறார்கள். கயிற்றை அனுப்பு. ஜொயின்ட் கேட்டு ஒரு நாளில் கடுதாசி எழுதுகிறாய், இதற்கு மட்டும் நேரமில்லையா?

அண்ணன்


ஊத்துமலைத் தோட்டம்.
2025 ஜனவரி 3

அன்புள்ள அண்ணனுக்கு,

புது வருஷத்தில் நீங்களும் அண்ணியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே உடம்பு சுகம், மனசுதான் இல்லை.

நத்தாரிலிருந்து விடாத மழை. நேற்றுக் காலையில் எழுந்து பின்னறைக்குப் போனேன். சுவரோரம் இருந்த பீப்பாய் அங்கே இல்லை. அறையைக் கடந்து போய் பின்கதவில் முட்டிக்கொண்டு நிற்கிறது. சிமெண்டில் வெள்ளையாக இழுபட்ட தடம். உள்ளே முக்கால்வாசி பியர், அண்ணா. இவரும் நானுமாகத் தள்ளினாலே மூச்சு வாங்கும். பித்தளையில் ஒரு சொட்டுக் கசிவு இல்லை. நீங்கள் சொன்னது போலவே குழாய் கழலவில்லை, பீப்பாய் வந்துவிட்டது.

எனக்குப் பயமாக இருக்கிறது. இவர் சேவல் நேர்ந்திருக்கிறார். பீப்பாயைப் பழைய இடத்துக்குத் தள்ளப் பார்த்தோம், குழாய் விடவில்லை. அதனால் கதவடியிலேயே கிடக்கிறது. அந்தக் கதவைத் திறக்க முடியாது, முன்கதவால்தான் போய் வருகிறோம். பொங்கல் ஓடர் முழுக்க அதற்குள்தான் இருக்கிறது, விட்டுவிட்டு எங்கே போவது?

நீங்கள் கேட்ட கயிறு இதோடு வருகிறது. மதுஷாவும் நானும் மழைக்குள் பிடித்தோம். கையில் இருந்த நூல் உருண்டை போதவில்லை, கடைசியில் சேலைக்கரை ஒன்றைக் கிழித்து முடிந்திருக்கிறேன். அதைப் பற்றி நினைக்க எனக்கு விருப்பமில்லை.

தங்கச்சி
பாக்கியம்


பதுளை.
ஜனவரி 11, சனி, மத்தியானம்

என் தங்கச்சி,

சுகம் விசாரிக்க நேரமில்லை. ரோட்டில் மரம் விழுந்து பஸ் நின்றிருந்ததால் உன் கடுதாசியும் கயிறும் இன்று காலையில்தான் கைக்கு வந்தன.

இரண்டு கயிற்றையும் கடைக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் விரித்தோம். ஸலீம் நானா ஒரு நுனியில், நான் மறு நுனியில். புதுக் கயிறு நீளம், பாக்கியம். பழையது முடிகிற இடத்தில் நான் படுத்துப் பார்த்தேன். கையைத் தூக்கிக்கொண்டு படுத்தும் மறு நுனி இன்னும் தள்ளிக் கிடந்தது. ஸலீம் நானா வந்து என்னைத் தூக்கிவிட்டார்.

குழாய் சுருங்கவில்லை. எவரும் இழுக்கவும் இல்லை. முனி கல் நின்ற இடத்திலேயே நிற்கிறது. கல்லுக்கும் உங்களுக்கும் நடுவில் நிலம் பிளந்து, லயம் இருக்கிற துண்டு மெல்ல மெல்லக் கீழே வழுக்கிப் போகிறது. கல் ஓடாது, கதவு ஓடாது என்று எழுதினாயே, கதவு ஓடிக்கொண்டிருக்கிறது. நீ மறைத்ததை றிகாஸ் சொல்லிவிட்டான். "அவங்கள செப்டெம்பர்லயே வீட்ட விட்டு எழும்பச் சொல்லிட்டாங்களே அண்ணன், ஒங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டான். நீ சுண்ணாம்பு அடித்து அழித்தது அந்த அடையாளத்தை.

இதைக் கவனமாகப் படி. ஸலீம் நானாவின் மச்சினி குடியிருந்த வீடு இப்படித்தான் மண்சரிவில் போனது. மேட்டு மரத்திலிருந்து வீட்டுக்குக் கட்டின துணிக்கொடி மாதக்கணக்கில் இறுகியதாம். "கொடி இறுகுற மட்டும் நேரம் இருந்திச்சி. ஒரு நாள் தொய்ஞ்சி போச்சி. மேல நின்ட மலையும் எறங்கத் தொடங்கினாத்தான் தொய்யும், புவனேந்திரன். அண்டைக்கே எல்லாம் முடிஞ்சி" என்றார். அதனால் குழாய் தொய்ந்தால், டெப்பை மூடக்கூட நிற்காதே. மதுஷாவைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில், பள்ளிக்கூடப் பக்கம் ஓடு. கீழே ஓடாதே.

தொய்யும் வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். இதைக் கண்டதும் எழும்புங்கள். வீட்டுப் பட்டியலில் பேர் போனால் போகட்டும். நிரஞ்சலா கட்டிலை இழுத்துப் போட்டு உங்களுக்கு இடம் பண்ணிவிட்டாள். மூன்று நாளாக உங்கள் போன் செத்துக் கிடக்கிறது. தோட்ட ஆபீசுக்கு அடித்தேன், மணி போகிறதே ஒழிய எடுக்க ஆளில்லை. பஸ் பாதி வழிதான் வருகிறது, அங்கிருந்து றிகாஸ் இதைக் கொண்டு நடந்து வருவான். ரோடு திறந்ததும் ஸலீம் நானாவின் லொறியில் நான் வருகிறேன். இந்தத் தடவை ஜொயின்ட் எதுவும் வைக்கவில்லை.

அண்ணன்


ஊத்துமலைத் தோட்டம்.
ஜனவரி 11, சனி, பொழுது சாயும் நேரம்

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் பதில் இன்னும் வரவில்லை, ஆனாலும் இந்தச் சந்தோஷத்தை உடனே எழுதாமல் இருக்க முடியவில்லை. எல்லோரும் சுகம். அண்ணிக்கு என் அன்பு. நாளைக்கு யாராவது டவுனுக்குப் போனால் இதையும், உங்கள் இரண்டு பேருக்கும் இரண்டு போத்தலையும் கொடுத்துவிடுவேன்.

மழை விட்டுவிட்டது. பகல் முழுக்க வெயில் பளிச்சென்று அடித்தது. காலையில் இவர் சேவலை அறுத்துப் படையல் போட்டார். மத்தியானம் பார்த்தால், அண்ணா, முனி கையை விட்டுவிட்டார்! குழாய் இளகிவிட்டது. விறைத்துக்கொண்டு நின்றது இப்போது வாசலில் வளைந்து வளைந்து கிடக்கிறது. பீப்பாயைச் சுவரோரம் தள்ளினோம், சொன்ன பேச்சைக் கேட்டு வந்தது. நான் அழுதேவிட்டேன். மழையில் நனைந்த துணியெல்லாம் அந்தக் குழாய் மேலேயே காயப் போட்டிருக்கிறேன், அவ்வளவு தொய்வு.

இன்றைக்கு ராத்திரியே போத்தலில் ஊற்றத் தொடங்குகிறோம். பொங்கல் முடிந்ததும் மூன்று பேரும் வந்து உங்களோடு ஒரு வாரம் தங்குவோம். உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒரு விஷயம் இருக்கிறது, அதை நேரில் சொன்னால் திட்ட மாட்டீர்கள். இனி ஜொயின்ட், கிளிப் எதுவும் அனுப்ப வேண்டாம். குழாய் நன்றாக எட்டுகிறது, மிச்சமும் இருக்கிறது.

உங்கள் அன்புத் தங்கச்சி
பாக்கியலெட்சுமி

பி.கு. பீலியில் தண்ணீர்தான் கொஞ்ச நேரமாக நின்றுவிட்டது. குழாயில் காற்று மட்டும் வருகிறது. மதுஷா காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். உள்ளுக்கு யாரோ கல் உருட்டிக்கொண்டு வருகிறார்களாம். இவர் பீலியைப் பார்த்துவிட்டு வர மேலே ஏறிப் போயிருக்கிறார்.